துணியாகத் தெரிய வேண்டிய இறக்கை

பிப்ரவரி 9

மாதிரி விமானத்தின் மேல் இறக்கைக்கு வெள்ளைப் பிரைமர் அடித்து முடித்தேன். கையகலப் பிளாஸ்டிக்தான். ஆனால் பார்க்கிறவன் கண்ணுக்கு அது துணியாகத் தெரிய வேண்டும். அந்தக் காலத்து இரட்டை இறக்கை விமானங்களுக்கு மரச்சட்டத்தின் மேல் லினன் துணியை இழுத்துக் கட்டி, அது விறைப்பாக நிற்க ஒரு பசைப்பூச்சு பூசுவார்கள். வெயிலில் நிறுத்தினால் உள்ளே இருக்கும் விலாக்கட்டைகள் துணி வழியாக நிழலாகத் தெரியும். அந்த நிழலைப் பிளாஸ்டிக்கில் கொண்டுவருவதுதான் வித்தை. விலா தெரியவும் வேண்டும், வரைந்த மாதிரி இருக்கவும் கூடாது.

மார்ச் கடைசியில் மாதிரி விமானக் கண்காட்சி. நேரம் இருக்கிறது.

கார் பெயின்ட் பட்டறையில்தான் மனசு சரியில்லை. போன வாரம் போன வெள்ளைக் கார் இன்று திரும்பி வந்துவிட்டது. புதிதாக அடித்த கதவு மட்டும் மஞ்சளாக இருக்கிறதாம். கம்பெனிக் கணக்குப்படி யாரும் நிறம் கலக்கலாம். கடைசி நாலு சொட்டு கண்ணால் விடுவது. அந்த நாலு சொட்டுக்குத்தான் எனக்கு அங்கே 'மீட்டர்' என்று பெயர். நான் கலந்த நிறம் திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது.

கலந்தது நான். அடித்தது யார்? என் மச்சினன். மனைவியின் தம்பி, மாடி அறையில் எங்களோடுதான் இருக்கிறான். ஸ்பிரே பிடிப்பதில் நிதானம் அதிகம் என்பதால் பட்டறையில் அவன் பெயர் நத்தை. நத்தைக்கு இந்தக் கதவில் மட்டும் என்ன அவசரம் வந்தது?

பிப்ரவரி 12

விலாக்கள். மெல்லிய மாஸ்கிங் டேப்பை பிளேடால் நூல் அகலத்துக்குக் கீறி, ஒவ்வொரு விலாவின் மேலும் ஒட்டி, அதன் இரண்டு ஓரத்திலும் தண்ணீராய்க் கரைத்த பழுப்பை ஏர்பிரஷில் ஊதினேன். மூச்சு விட்டால் கோடு நெளியும். வாட்ச் ரிப்பேர்காரர்கள் கண்ணில் சொருகிக்கொள்ளும் லென்ஸை வலது கண்ணில் வைத்துக்கொண்டு, இடது கண்ணை மூடிக்கொண்டு வேலை. பட்டறையிலும் எனக்கு அதே பழக்கம்தான்: கலந்த சாயத்தைத் தகட்டில் தொட்டு, கார் மேல் வைத்து, இடது கண்ணை மூடிப் பார்ப்பேன். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் சுற்றியிருக்கிற கண்ட நிறமும் உள்ளே வந்து குழப்பும்.

டேப்பை உரித்தபோது நிழல் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு இருந்தது. இன்னும் ஒரு ஊது ஊதினேன். அருமை. எனக்கே என் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

பிப்ரவரி 13

காலையில் பார்த்தால் விலாக்கள் கறுத்துக் கிடக்கின்றன, பட்டினி கிடந்த நாயின் நெஞ்சுக்கூடு மாதிரி. நான் இப்படி அடிக்கவில்லை. சத்தியமாக அடிக்கவில்லை.

பிப்ரவரி 16

இன்னொரு வண்டி. வெள்ளி நிறம். முன் பம்பர் தனியாகத் தெரிகிறது என்று வண்டிக்காரர் கத்திவிட்டுப் போனார். முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவர் கோபப்பட்டால் பயமில்லை, மெதுவாகப் பேசினால்தான் பயம். மெதுவாகப் பேசினார்.

"இன்னொரு வண்டி திரும்பி வந்துச்சுன்னா உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் இங்க இருக்கமாட்டீங்க. அது யாருன்னு எனக்குக் கவலை இல்ல."

மச்சினன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை. மடியில் கனம் இல்லாதவன் பேசியிருப்பான் அல்லவா?

பிப்ரவரி 17

யோசித்துப் பார்க்கிறேன். ஒரு மாதமாக பைக்கை அவன்தான் ஓட்டுகிறான். "நான் ஓட்டுறேன் அத்தான், நீங்க பின்னாடி உட்காருங்க" என்று சாவியை வாங்கிக்கொள்கிறான். என்ன கரிசனம்! இன்று சாவி, நாளை நாற்காலி. போன வாரம் திடீரென்று, "எதிர் லைட்டு உங்க கண்ணைக் கூசுதா?" என்று கேட்டான். நீ உன் வேலையைப் பார் என்றேன். ஊருக்கெல்லாம் கூசுகிற லைட்டு எனக்கு மட்டும் கூசாதா? மீட்டரின் கண் சரியில்லை என்று ஊரில் பேச்சு கிளப்பினால் யாருக்கு லாபம்?

அவன் நகத்தடியில், என் விலாக்களுக்கு அடித்த அதே மாதிரிப் பழுப்புப் பெயின்ட் பார்த்தேன். மனைவியிடம் சொன்னேன்.

"பெயின்ட் அடிக்கிறவன் நகத்துல பெயின்ட் இல்லாம பவுடரா இருக்கும்?" என்றாள்.

தம்பியை விட்டுக்கொடுப்பாளா என்ன.

பிப்ரவரி 20

லினன் நிறம் கலந்தேன். வெள்ளை, கொஞ்சம் காவி, ஊசிமுனை பச்சை. பழுப்பு நிழல் மூழ்காத அளவுக்குப் பால்போலக் கரைத்து, ஒன்று காய்ந்ததும் அடுத்தது என்று ஊதினேன். ஒவ்வொரு ஊதலுக்கும் விலாக்கள் ஒரு படி உள்ளே போகும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு படலம் அதிகமானால் விலா போயே போய்விடும், திரும்ப வராது. நிறம் வெளிறித் தெரிந்ததால் காவியை இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

மனைவி துணி மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "ஏங்க இவ்ளோ மஞ்சள்?"

மஞ்சளா? நான் லென்ஸை வைத்துப் பார்த்தேன். மஞ்சளே இல்லை. அவளுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். யார் என்று எழுதவும் வேண்டுமா?

பிப்ரவரி 24

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்!

பட்டறையில் தின்னர் பீப்பாய்களுக்குப் பின்னால் நின்று மச்சினனைப் பார்த்தேன். நான் கலந்து மூடி வைத்த டப்பாவைத் திறந்தான். இடுப்பில் செருகியிருந்த சின்னக் குப்பியை எடுத்து உள்ளே சாய்த்தான். குச்சியால் கலக்கினான். தூக்கிப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் சாய்த்தான். எவ்வளவு நிதானம்! தினமும் செய்து பழகின கை.

"டேய்!"

திரும்பினான். முகம் வெளுத்துப்போனது.

"என்னடா ஊத்தினே?"

"கொஞ்சம் வெள்ளை, அத்தான்."

"யாரைக் கேட்டு? யாரைக் கேட்டுடா ஊத்தினே?"

பட்டறையே கூடிவிட்டது. முதலாளி வந்து கேட்டார். அவன் என்னை ஒரு முறை பார்த்தான், அவரை ஒரு முறை பார்த்தான். "ஆமா சார், ஊத்தினேன்" என்றான். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. என்ன பதில் இருக்கும்? கூடவே இருந்து குழி பறித்ததற்குப் பதில் உண்டா? "இவன் என் வேலையைக் கெடுக்கத்தான் இதைச் செய்றான்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். முதலாளி அவனை அங்கேயே அனுப்பிவிட்டார்.

நிம்மதியாக இருக்க வேண்டும் நான். ஏர்பிரஷை மூன்று தடவை கழுவிவிட்டேன்.

பிப்ரவரி 25

அவன் பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ சிநேகிதன் அறையாம். அக்காவிடம் சொல்லிக்கொண்டான், என்னிடம் இல்லை.

அவள் பொரிந்து தள்ளிவிட்டாள். "அவன் உங்களைக் கெடுக்கிறவனா? உங்களுக்கு ஜுரம் வந்தப்ப தோள்ல தூக்கிட்டு ஓடினவன் கெடுக்கிறவனா? காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சளாம், சும்மாவா சொன்னாங்க!"

நானும் விடவில்லை. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்கிறவனுக்கு வக்கீல் வேறா என்று கேட்டேன். சோற்றை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆறிப்போனதைத் தின்றேன்.

பிப்ரவரி 27

வீட்டில் சத்தமே இல்லை. நல்லதுதான்.

மார்ச் 2

கீழ் இறக்கையின் அடிப்பக்கம். வெளிச்சம் மேலே இருந்து துணி வழியாக இறங்குவதால் அடியில் விலாக்கள் இன்னும் தெளிவாக விழ வேண்டும். மேல் இறக்கையை அப்புறம் பார்க்கலாம் என்று மூடி வைத்துவிட்டு, சாயங்காலம் முழுக்க இதோடு உட்கார்ந்தேன். எழுந்தபோது துணியேதான். ஊதினால் படபடக்கும் போலிருந்தது.

இந்தத் தடவை அறையைப் பூட்டிவிட்டேன். சாவி என் சட்டைப்பையில். போதாதென்று கதவு இடுக்கில் ஒரு நூலையும் பசை தொட்டு ஒட்டியிருக்கிறேன். அவன் இல்லாத வீட்டில் எதற்கு நூல் என்று கேட்டால் எனக்கே பதில் தெரியவில்லை. அவனிடம் மாற்றுச் சாவி இருக்கலாம்.

மார்ச் 3

நூல் அறுபடவில்லை. ஜன்னல் கொக்கி போட்டபடியே இருக்கிறது.

இறக்கை மாறியிருக்கிறது. விலாக்கள் கறுப்பு. நடுவே நிறம், பழைய செய்தித்தாள் போல மஞ்சள்.

யாருடா வந்தது? எந்த வழியா வந்தது? பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது, பேய்க்கு ஏர்பிரஷ் பிடிக்கவும் தெரியாது. அப்படியென்றால் வீட்டுக்குள் இருக்கிற ஆள்தானே? அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய், தண்ணீர் எடுக்கிற மாதிரி குனிந்து, அவள் கையில் தின்னர் வாடை அடிக்கிறதா என்று மோந்து பார்த்தேன்.

வெங்காய வாடைதான் அடித்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். எதற்குக் குனிந்தேன் என்று புரிந்துகொண்டாள் என்றே நினைக்கிறேன். மறுபடி நறுக்கத் தொடங்கினாள். ஏதாவது திட்டியிருக்கலாம்.

மார்ச் 6

இந்த வாரத்தில் வரிசையாக வண்டிகள் திரும்பி வந்துவிட்டன. வெள்ளை, தந்த நிறம், இன்னொரு வெள்ளை. முன்பெல்லாம் கொஞ்சம் மாறி இருந்தது. இப்போது தெருமுனையில் இருந்தே தெரிகிறதாம். அடித்தது புது ஸ்பிரேக்காரர், நல்ல கைக்காரர், என்னை அவருக்குத் தெரியவே தெரியாது. அவர் எதற்குக் கெடுக்கப் போகிறார்?

முதலாளி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நத்தை இருந்தபோது இதைவிடக் குறைவாகத்தானே திரும்பி வந்தது என்று அவர் யோசிப்பது எனக்குக் கேட்டது. எனக்கும் அதுவேதான் ஓடியது.

மார்ச் 8, ஞாயிறு

இதை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

காலையில் இறக்கையின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன். தூசி வலது கண்ணில் விழுந்தது. கழுவியும் உறுத்தல் போகவில்லை, திறக்கவே முடியவில்லை. வேலையை விட மனசில்லை. லென்ஸை எடுத்து இடது கண்ணில் சொருகினேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கண்ணில் அதை வைத்ததே இல்லை, நிற்காமல் நழுவியது. பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

கோரம்! கோடு கோடாக, மஞ்சள் மஞ்சளாக. வேறு யாரோ செய்த இறக்கை. எந்த முட்டாள் இப்படி அடித்தான் என்று வாய்விட்டே கேட்டேன்.

உறுத்தல் குறைந்ததும் லென்ஸை வலது கண்ணுக்கு மாற்றினேன். துணி. அழகான, வெயில் பட்ட, மெல்லிய லினன் துணி.

மறுபடி இடது. கோரம்.

மறுபடி வலது. துணி.

எத்தனை தடவை மாற்றினேன் என்று தெரியாது. இறக்கை அசையாமல் மேஜையில் கிடக்கிறது. யாரும் வரவில்லை. யாரும் வந்ததே இல்லை. சாயங்காலம் வலது கண்ணால் அடிப்பேன், காலையில் இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு வந்து பார்ப்பேன். அவ்வளவுதான் நடந்தது. பட்டறையிலும் இந்த வலது கண்ணைத்தானே நம்பி, நல்ல கண்ணை மூடிக்கொண்டு...

ஐயோ, அவன் ஊற்றினது வெள்ளை. நான் மஞ்சளை ஏற்றி வைத்த டப்பாவில் வெள்ளை.

என்ன காரியம் பண்ணிட்டேன் நான்.

மார்ச் 9

கண் டாக்டர். வலது கண்ணில் புரை நன்றாக முற்றிவிட்டதாம், இடதில் இப்போதுதான் தொடங்கியிருக்கிறதாம். மங்கலாக இல்லையே டாக்டர் என்றேன். கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் தெரியாது என்றார். "உள்ளே லென்ஸே பழுத்துப்போச்சு. மஞ்சளை மஞ்சளா உங்களுக்குக் காட்டாது, அதனால இன்னும் இன்னும்னு போட்டிருப்பீங்க. மெல்லிசா இருக்கிற நிழலும் தெரியாது." எதிர் லைட்டு கூசுமே என்று அவரே கேட்டார்.

மார்ச் 10

முதலாளியிடம் சொன்னேன். எல்லோரையும் வைத்துக்கொண்டே சொன்னேன், அவனைச் சொன்னபோதும் எல்லோரும் இருந்தார்கள் இல்லையா. கெட்டது வேலை இல்லை, என் கண் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. கலக்கும் மேஜையை முதலாளி வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். என்னை உப்புத்தாள் தேய்க்கும் பக்கம் அனுப்பினார். வெளியே அனுப்பாததற்கு நன்றி சொல்ல வேண்டும். சொன்னேன்.

மார்ச் 11

ரயில்வே கேட்டைத் தாண்டி நடந்தே போனேன். அவன் அங்கே ஒரு சின்னப் பட்டறையில் லாரிக் கதவில் பெயின்ட் படக்கூடாத இடத்துக்குத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் ஒட்டுவதை நிறுத்தவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே டேப்பை நகத்தால் அழுத்தினான். அவனுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. பைக் சாவியை என்னிடமிருந்து வாங்க ஆரம்பித்தபோதே தெரியுமாம். "ரெண்டு வண்டி என் கையை மீறிப் போயிடுச்சு. மத்ததை எல்லாம் அடிக்கிறதுக்கு முன்னாடி சரிபண்ணிட்டேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"கண்ணு கூசுதான்னு கேட்டேன். உன் வேலையைப் பாருன்னு சொன்னீங்க. பார்த்தேன்."

"முதலாளி கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா உங்க மேஜை போயிருக்கும்."

மன்னிச்சுடு என்றேன். என் வயசுக்கு அது சுலபமாக வருகிற வார்த்தை இல்லை, ஆனாலும் வந்தது. அவன் டேப்பைக் கிழித்தான்.

"திருடன்னு சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்ல. வேலை தெரியாதவன்னு சொல்லியிருந்தாலும் பரவாயில்ல. கெடுக்கிறவன்னு சொன்னீங்க. எல்லார் முன்னாடியும்."

பழைய இடத்துக்குத் திரும்பி வருவாயா, முதலாளி கூப்பிடுகிறார் என்றேன். இங்கே நன்றாகத்தான் இருக்கிறது என்றான். வீட்டுக்காவது வா என்றேன். அடுத்த தாளை எடுத்தான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 14

அவளிடமும் சொன்னேன், வெங்காயம் உட்பட.

"அது அன்னைக்கே தெரியும்" என்றாள்.

மார்ச் 26

வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது. மூடியை எடுத்ததும் நர்ஸின் உடுப்பு அப்படி ஒரு வெள்ளை! வெள்ளையில் நீலம் இருக்கும் என்பதையே நான் மறந்துபோயிருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் நம் சுவர் ஒன்றும் அழுக்கில்லை, அழுக்கு என்று இத்தனை நாள் அவளைத் திட்டியது வீண். அவள் தலையில் நரை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதும் இன்றுதான் தெரிந்தது. சொல்லவில்லை. அந்த அளவுக்குப் புத்தி இருக்கிறது.

மார்ச் 29

கண்காட்சி நடந்திருக்கும். போகவில்லை. இறக்கைகள் இரண்டையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து வெள்ளைப் பிளாஸ்டிக் ஆக்கினேன். பஞ்சு பஞ்சாக மஞ்சள் வந்துகொண்டே இருந்தது. பார்க்கப் பார்க்க வெட்கமாக இருந்தது.

ஏப்ரல் 12, ஞாயிறு

மறுபடி விலாக்கள், மறுபடி டேப், மறுபடி பழுப்பு. ஆனால் இப்போது வேறு தொல்லை. புதுக் கண்ணுக்குத் தூரம்தான் தெளிவு, கிட்டத்தில் மசங்கல். கண்ணாடி இன்னும் எழுதித் தரவில்லை. பழைய கண்ணுக்குக் கிட்டத்தில் தெரியும், ஆனால் அதிலும் புரை. இரண்டும் ஒரே இறக்கைக்கு இரண்டு பதில் சொல்கின்றன. யாரை நம்ப?

மத்தியானம் மச்சினன் வந்தான். அக்காவைப் பார்க்க வந்தான் என்பது அவன் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே தெரிந்தது. சமையலறையில் இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று காது நீண்டது. நாய் வாலை நிமிர்த்த முடியுமா? பேசினால் பேசட்டும் என்று ஏர்பிரஷைக் கையில் எடுத்தேன். லினன் நிறம் தயார். ஊத பயம்.

போகும்போது அறை வாசலில் நின்றான். நின்றானே தவிர உள்ளே வரவில்லை. எனக்கு என்ன தைரியம் வந்ததோ,

"எனக்குத் தெரியல. நீ பார்த்துச் சொல்றியா?" என்றேன்.

வந்தான். இறக்கையைத் தொடவில்லை. ஜன்னல் பக்கம் குனிந்து வெகுநேரம் பார்த்தான், நத்தை இல்லையா. "விலா இன்னும் தூக்கலா இருக்கு. மேல போட்டுக்கிட்டே வாங்க" என்றான்.

எனக்குப் போதும் போலத் தெரிந்தது. இதற்கு மேல் போட்டால் விலா மூழ்கிவிடும், திரும்ப வராது என்று அடித்துச் சொல்வேன். மனசு உடனே கேட்டது — பழி வாங்குகிறானோ? அவனுக்கு நான் செய்ததற்கு, ஒரு பொம்மை இறக்கையைப் பாழாக்கிவிட்டுப் போனால்தான் என்ன? கை தானாக லென்ஸைத் தேடிப் போனது. எடுக்காமல் விட்டேன்.

ஒரு படலம் ஊதினேன். "இன்னும்" என்றான். காயக் காத்திருந்து அடுத்ததை ஊதினேன். "இன்னும்." என் கண்ணுக்கு விலாக்கள் முழுக்கவே போய்விட்டன, வெறும் வெள்ளைத் தகடு. வாய்வரை வந்த கேள்வியை விழுங்கிக்கொண்டு இன்னொன்றும் ஊதினேன்.

"போதும் அத்தான், நிறுத்துங்க."

நிறுத்தினேன்.